சிவப்புப் புள்ளிக்கு எட்டு சொடுக்கு

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள் அக்கா. படிக்க இல்லை. அந்தப் படம். துப்பாக்கியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அந்தப் பெண்.

எனக்கு அவளைத் தெரியும்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. டயர் வெடித்து நடுரோட்டில் பஸ் நிற்கிறது, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஒருத்தி பேப்பரில் வந்தவளைத் தெரியும் என்கிறாள், யாருக்கும் சிரிப்புத்தான் வரும். நான் வாய் திறக்கிற ஆளே இல்லை அக்கா. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்க வேண்டுமென்றால் வாசல்வரை போய்த் திரும்பி வருவேன். திருச்சியில் ஏறியதிலிருந்து உங்களிடம் ஒரு வார்த்தை பேசினேனா? ஜன்னல் ஓரம் வேண்டுமா என்று நீங்கள் கேட்டதற்கே தலையைத்தான் ஆட்டினேன். ஆனால் இந்த முகத்தைப் பார்த்ததும் பழசெல்லாம் மேலே வருகிறது. சொல்லிவிட்டால் அடங்குமோ என்னவோ.

பிரார்த்தனா. பெயர் அதுதானே போட்டிருக்கிறது? நான் எட்டாவதோடு நின்றவள். மற்றதையெல்லாம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அந்தப் பெயரை மட்டும் பார்த்தவுடன் தெரியும்.

வெளிநாட்டில் வெள்ளிப் பதக்கமா? வாங்கட்டும். நன்றாக இருக்கட்டும். நான் சாபம் கொடுக்கிறவள் இல்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி இருக்கிறதே, அதில் பாதி என்னுடையது. அவள் வாயாலேயே சொன்னது அது. பாதி உனக்கு, பாதி எனக்கு என்று சொன்னவள்தான் கடைசியில் முழுதையும் பிடுங்கிக்கொண்டாள்.

அதோ கீழே நிற்கிறாரே, நீலச் சட்டை, டிரைவருக்கு யோசனை சொல்லிக்கொண்டு, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். கதிரேசன். ஜாக்கியை அங்கே வை, இங்கே வை என்கிறார் பாருங்கள். இவர் வாழ்க்கையில் ஒரு பஸ் டயர் கழற்றியதில்லை. எங்கே நாலு பேர் குனிந்து வேலை செய்தாலும் ஐந்தாவதாக நிமிர்ந்து நின்று சொல்லிக் கொடுப்பார். நல்ல மனுஷர். அவர் இல்லையென்றால் அந்தச் சமயத்தில் நான் என்ன ஆகியிருப்பேனோ. மதுரையில் அவர் அக்கா வீட்டுக்குப் போய், அங்கிருந்து அவர்கள் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோம், பாப்பாவுக்கு மொட்டை போட. 

எங்கே விட்டேன்? ஆமாம், துப்பாக்கி.

எங்கள் அப்பா பலூன் கடை வைத்திருந்தார். பலகையில் வரிசையாகப் பலூன் குத்தி வைத்து, துப்பாக்கியால் சுடச் சொல்வோமே, அந்தக் கடை. பொருட்காட்சி எங்கே போட்டாலும் நாங்களும் அங்கே. எட்டாவதோடு படிப்பு நின்றது அதனால்தான், ஊர் ஊராகப் போனால் எந்தப் பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கும்? பலூன் கடைத் துப்பாக்கி நேராகச் சுடாது அக்கா. உங்களுக்குத் தெரியாதா? குழல் நுனியில் குறி பார்க்கிற முள் ஒன்று இருக்கும். அதை லேசாக வளைத்து வைத்திருப்போம். வலப்பக்கம் வளைத்தால் குண்டு இடப்பக்கம் போகும். சுடுகிற ஆள் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். இதில் தப்பு என்ன இருக்கிறது, எல்லாக் கடையிலும் அப்படித்தான். எல்லாரும் எல்லாப் பலூனையும் உடைத்தால் நாங்கள் என்ன செய்வது?

நான் அந்தக் கோணல் துப்பாக்கியிலேயே வளர்ந்தவள். சிவப்பை உடைக்க வேண்டுமென்றால் பக்கத்து மஞ்சளைப் பார்த்துச் சுடுவேன். யோசிக்கவே மாட்டேன், கை தானாகப் போகும்.

திருச்சிப் பொருட்காட்சியில் ஒருநாள் சாயங்காலம் இவள் வந்தாள். டாக்டர் வீட்டுப் பெண். கூட அப்பா, அம்மா, சித்தி, அவர்கள் பிள்ளைகள். என் வயதுதான் இருப்பாள். துப்பாக்கியை அவள் எடுத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் சும்மா வந்தவள் இல்லை என்று. கட்டையைத் தோளில் பொருத்தி, கன்னத்தைச் சாய்த்து, மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி... டப். பலகையில்தான் பட்டது. மறுபடி. பலகை. கூட வந்த பொடிசுகள் எல்லாம், "ஸ்டேட் லெவல் ஷூட்டர், பலூன் கடையில அவுட்!" என்று கத்துகிறார்கள். அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"உங்க துப்பாக்கி கோணலா இருக்கு" என்றாள் எங்கள் அப்பாவிடம்.

"பாப்பாவுக்குக் கை நடுங்குதும்மா. துப்பாக்கி என்ன செய்யும்?" என்றார் அப்பா. "அம்சா, நீ சுட்டுக் காட்டு."

என் பெயர் அம்சவேணி. அப்பா இப்படிச் சொன்னால் நான் எழுந்து போய்ச் சுட வேண்டும், அதுதான் வழக்கம். எனக்குக் கூட்டத்தைப் பார்த்தால் உதறும். துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் கூட்டம் காணாமல் போய்விடும். "எது வேணும்னு சொல்லுங்க" என்றேன். அவள் பச்சை என்றாள், உடைத்தேன். மேல் வரிசை நீலம் என்றாள், உடைத்தேன். அவள் அப்படியே என் பக்கத்தில் வந்து, குழல் நுனியை விரலால் தடவிப் பார்த்தாள். எனக்கு உயிரே இல்லை. கத்தப் போகிறாள், அவள் அப்பா போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

காதோடு கேட்டாள்: "நீ எதைப் பாத்துச் சுட்ட?"

"பக்கத்துல இருக்கறத."

விழுந்து விழுந்து சிரித்தாள் அக்கா. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் டிரைவரோடு தனியாக வந்து, "நீ என் கூட கிளப்புக்கு வா" என்றாள். அப்பா முடியாது என்றார். அவள் போகவில்லை. கடை வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள், வருகிறவர்களுக்கெல்லாம், "அண்ணா, மஞ்சளப் பாத்து சுடுங்க, சிவப்பு உடையும்" என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அப்பா அரைமணி நேரத்தில் கையெடுத்துக் கும்பிட்டு, "கூட்டிட்டுப் போ தாயி" என்றார்.

அப்படிப்பட்டவள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அதுதான் எரிச்சலாகவும் இருக்கிறது.

கிளப்பில் முதல் நாள் என் மானமே போயிற்று. நேரான துப்பாக்கியைக் கொடுத்தார்கள். நான் சுட்டது எல்லாம் வலப்பக்கம் தள்ளித் தள்ளிப் போகிறது. குறியை நேராகப் பார்த்தால் என் மனசு ஒப்பவே மாட்டேன் என்கிறது. ஏதோ கோணல் இருக்கும், கொஞ்சம் தள்ளிப் பார் என்றே உள்ளே சொல்லிக்கொண்டிருக்கும். கோச் சார் தலையில் அடித்துக்கொண்டார். "நேரா இருக்கறத நம்பு அம்சவேணி, அது போதும்" என்பார். அதை நம்பவே எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

எனக்கென்று துப்பாக்கி கிடையாது. கிளப்பில் இருந்தது ஒரு பழசு, விசை கல் மாதிரி இருக்கும். பிரார்த்தனா தன்னுடையதைக் கொடுத்தாள். அவள் சுட்டு முடித்ததும் நான், நான் முடித்ததும் அவள். அந்தத் துப்பாக்கியில் கண் வைக்கிற வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். திருகினால் டிக், டிக் என்று சொடுக்கு விழும், குறி நகரும். ஆளுக்கு ஆள் கண் வேறு, கன்னம் வேறு. அவளுக்குப் பொருந்துகிற இடம் எனக்குப் பொருந்தாது. அதனால் அவள் நகப்பூச்சால் புள்ளி வைத்தாள். நீலப் புள்ளி அவளுக்கு, சிவப்பு எனக்கு. நீலத்திலிருந்து சிவப்புக்கு எட்டு சொடுக்கு. அவள் சுட்டு முடித்ததும் எட்டையும் திருகி, சிவப்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவாள். ஒருநாள்கூட மறந்ததில்லை. நானும் வளையலைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் துப்பாக்கியை வாங்குவேன். கை காலியாக இருக்க வேண்டும் எனக்கு. நான் சுடும்போது என் கண்ணாடி வளையலை மாட்டிக்கொண்டு பின்னால் நிற்பாள், தங்கவளையல் போடுகிற கையில்.

இதோ பாருங்கள், படத்தில்கூடத் தெரிகிறது. உங்களுக்குத் தெரியவில்லையா? என் விரலுக்குக் கீழே. திருகுப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்பு. இத்தனை வருஷமாகச் சுரண்டி எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் சோம்பல்.

நான் மாநிலப் போட்டியில் மூன்றாவது வந்தேன் அக்கா. என்ன, நம்பிக்கை இல்லையா? நான் மூன்று, அவள் ஏழு. அன்றைக்கு அவள்தான் என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினாள். அப்பா இரண்டு நாள் கடையே திறக்கவில்லை, கண்டவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம்தான் சென்னையில் தேர்வு. அதில் தேறினால் தமிழ்நாட்டுக்காக டெல்லியில் போய்ச் சுடலாம். தேறினால் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலைகூடக் கிடைக்கும் என்று கோச் சார் சொன்னார். நான் வேலையைக்கூட நினைக்கவில்லை. ஓர் இடத்தில் நிற்கலாம் என்று நினைத்தேன். ஒரே ஊர், ஒரே வீடு, பலூன் ஊதாத வாய்.

எங்கள் வீட்டுக்காரர் அப்போது கிளப்பில் வேலை பார்த்தார். துப்பாக்கி அறைச் சாவி அவரிடம். காற்று நிரப்புவது, துடைத்து வைப்பது, போட்டிக்குப் போனால் எல்லாத் துப்பாக்கிப் பெட்டியையும் பொறுப்பாகக் கொண்டுபோவது அவர்தான். நானும் அவரைக் கதிரண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், "அண்ணனையே கட்டிக்கிட்டவ" என்று. என்மேல் அப்போதே ஒரு இது. எனக்கு மட்டும் டீயில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டுவருவார். "நீ டெல்லிக்குப் போயிட்டா எங்களையெல்லாம் திரும்பிப் பாப்பியா புள்ள?" என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும், டீயை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

சென்னைக்குப் போனோம். எங்களுக்கெல்லாம் பள்ளிக்கூட விடுதி ஒன்றில் படுக்கை. பிரார்த்தனா அவள் அப்பா அம்மாவோடு ஓட்டலில். கோச் சாரிடம் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு முதல் நாள் பயிற்சி முடிந்து எங்கள் வீட்டுக்காரர் துப்பாக்கிப் பெட்டிகளோடு கிளம்பினதும், சுடுகிறவர்கள் எல்லார் போனையும் வாங்கிவிடுவார். போன் பார்த்தால் கண் அலையும், மனசும் அலையும் என்பார். டாக்டர் மகளானாலும் சரி, கலெக்டர் மகளானாலும் சரி. எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கட்டி என்னிடம் கொடுப்பார். போன் இல்லாதவள் நான் ஒருத்திதானே! பை பத்திரமாக இருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமை. தலைக்கு வைத்துத்தான் படுப்பேன். பிரார்த்தனா போனுக்கு முயல் காது வைத்த உறை. அந்தக் காது இரண்டும் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும், எவ்வளவு அமுக்கினாலும் உள்ளே போகாது. விடியும்வரை என் கன்னத்தில் குத்திக்கொண்டிருந்தது.

பாப்பா நெளிகிறாள். இருங்கள், தோளில் போட்டுக்கொள்கிறேன். ஒன்றும் இல்லடி, பஸ் கிளம்பிடும். தூங்கு.

காலையில் சுடுகிற இடத்துக்குப் போனோம். எனக்கு முதல் சுற்று, அவளுக்கு அடுத்த சுற்று. அதனால்தானே ஒரே துப்பாக்கியில் இரண்டு பேரும் சுட முடியும். இவர் வாசலிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வாடிப் போயிருந்தது.

"அம்சு, மனசத் தேத்திக்க. பிரார்த்தனா காலைல கூப்பிட்டா. அவ துப்பாக்கிய உனக்குத் தரக் கூடாதாம்."

எனக்குப் புரியவே இல்லை. "ஏன்?" என்றேன்.

"போன தடவ நீ அவள முந்திட்டல்ல? அவங்க அப்பாவுக்குப் பிடிக்கல போல. பலூன் கடைக்காரி என் துப்பாக்கிலயே சுட்டு என்னையே ஜெயிப்பாளான்னு கேட்டா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"நான் அவகிட்டயே கேக்கறேன்."

"கேக்காத புள்ள. எல்லார் முன்னாலயும் இல்லன்னு சொல்லிடுவா. உனக்குத்தான் அசிங்கம். கிளப் துப்பாக்கிய நான் துடச்சு வெச்சிருக்கேன். இதுலயே சுட்டுக் காட்டு, அவளுக்கு."

பலூன் கடைக்காரி. அந்த வார்த்தைதான் அக்கா. வேறு எது சொல்லியிருந்தாலும் போய்க் கேட்டிருப்பேனோ என்னவோ. அந்த வார்த்தைக்கு அப்புறம் கால் நகரவில்லை. பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி காரணமே இல்லாமல் என்மேல் இவ்வளவு பிரியமாக இருந்தாளே, அதில் எங்கேயோ ஒரு கோணல் இருந்திருக்கத்தான் வேண்டும், நான்தான் பார்க்கவில்லை என்று தோன்றியது.

அந்தப் பழைய துப்பாக்கியோடு போய் நின்றேன். வளையலை வாங்கிக்கொள்ள ஆளில்லை, கழற்றிப் பாவாடை முடிச்சில் செருகிக்கொண்டேன். விசை அழுத்தினால் அழுந்த மாட்டேன் என்கிறது. கண்ணில் தண்ணீர், வட்டம் கலங்கிக் கலங்கித் தெரிகிறது. கை நடுக்கம் வேறு. குண்டு ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று எங்கேயோ. கோலத்துக்குப் புள்ளி வைக்கத் தெரியாதவள் வைத்தது மாதிரி கிடந்தது. முடிந்தது. டெல்லியும் முடிந்தது, எல்லாம் முடிந்தது.

வெளியே வந்தால் அவள் எதிரே ஓடி வருகிறாள். எவ்வளவு தைரியம் பாருங்கள்.

"ஏன்டி என் துப்பாக்கிய எடுக்கல? கதிரண்ணாகிட்ட நேத்தே உனக்குத் திருகி வெச்சுக் குடுத்திருந்தேனே! அவர் என்னடான்னா, நீ வேணாம்னு சொல்லிட்டேங்கறாரு. நான் என்னடி செஞ்சேன்?"

என்ன நடிப்பு! என்ன நடிப்பு! கண்ணில் தண்ணீர் வேறு. எனக்கு வாழ்க்கையிலேயே அன்றைக்கு ஒருநாள்தான் வாய் வந்தது. "போதும்டி உன் பிச்சை. பலூன் கடைக்காரிக்கு உன் துப்பாக்கி எதுக்கு?" என்றேன். கையில் இருந்த மஞ்சப்பையைப் பிரித்து, முயல் காதைப் பிடித்து அவள் போனை வெளியே இழுத்து, அவள் கையில் திணித்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

ஆனால் சாமி இருக்கிறது அக்கா. அவள் சுற்று ஆரம்பித்ததும் நான் பின்னால் தூணோரம் நின்று பார்த்தேன். சுடுகிறவர்களுக்குப் பின்னால் சின்ன டிவி இருக்கும், குண்டு எங்கே விழுந்தது என்று அதில் தெரியும். அவள் துப்பாக்கியை எடுத்தாள். போட்டி தொடங்குவதற்கு முன் சும்மா சுட்டுப் பார்க்கலாம், அதுதான் அப்போது. முதல் குண்டு நடுவில் விழவில்லை. இடப்பக்கம். அடுத்ததும் அதே இடப்பக்கம். மூன்றாவதும் அங்கேயே போய் அதன்மேலேயே உட்கார்ந்தது. செய்த பாவம் கையை நடுங்க வைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் நிறுத்தி, திருகைத் தொட்டு என்னவோ செய்தாள், சரியாகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு அவளும் தேறவில்லை. இவ்வளவு செய்தும் அன்றைக்கு அவளுக்கும் கிடைக்கவில்லை.

அப்புறம் என்ன. கோச் சார் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். நான் கிளப்புக்குப் போகவில்லை. இவர்தான் தினமும் கடைக்கு வந்து ஆறுதல் சொன்னார். கிளப்பில் எல்லாரும் என்னைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்று இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்காகப் பேசப் போய் இவர் வேலையும் போயிற்று. கோச் சார் இவரை இந்தப் பக்கமே வராதே என்று கத்தினாராம். பாவம், என்னால்தானே! பிரார்த்தனா இரண்டு தடவை பொருட்காட்சிக்கு வந்திருக்கிறாள், என்னைத் தேடிக்கொண்டு. இவர்தான் வாசலிலேயே பேசித் திருப்பி அனுப்பிவிட்டார், நான் அழுவேன் என்று. நான் போட்டுக்கொண்டு சுடுகிற அவளுடைய பழைய கோட்டைக் கொண்டுவந்தாளாம். "அந்தக் கந்தல் நமக்கு எதுக்கு" என்று வாங்க மறுத்துவிட்டார். ரோஷக்காரர்.

அப்பாவுக்கு மூச்சிறைப்பு வந்தது. பலூன் ஊதுகிற ஆளுக்கு மூச்சிறைப்பு வந்தால் கடை என்ன ஆகும்? இவர்தான் எடுத்துக்கொண்டார், என்னையும் சேர்த்து. இப்போது கடை இவருடையது. முள்ளை வளைப்பதில் எங்கள் அப்பாவையே மிஞ்சிவிட்டார். அப்பா எல்லாவற்றையும் ஒரே பக்கம்தான் வளைப்பார், இவர் ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒவ்வொரு மாதிரி. எந்தப் பக்கம் வளைத்திருக்கிறார் என்று எனக்கே சொல்ல மாட்டார். ஒரு குண்டை வீணாக்கினால்தான் தெரியும். கூட்டம் குறைந்தால், "அம்சு, வா" என்பார். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சுடுவேன். பச்சைப்பிள்ளைக்காரியே உடைக்கிறாள் என்று ஆம்பளைகள் ரோஷத்தோடு வருவார்கள். வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது.

என்ன அக்கா? பேப்பரை மடித்துவிட்டீர்கள். என் முகத்தையே பார்க்கிறீர்கள்.

என்ன கேட்டீர்கள்? காலையில் எந்தப் போனிலிருந்து கூப்பிட்டாள் என்றா?

அவள் போனிலிருந்துதான். மணி அடித்தது, பிரார்த்தனா என்று பேர் விழுந்தது, எடுத்தேன் என்றாரே. நான்கூட ஒருநாள், அவள் அப்பா போனில் கூப்பிட்டாளோ என்று கேட்டேன். இல்லை, அவள் நம்பர்தான், அவள் குரல்தான் என்று அடித்துச் சொன்னார்.

முயல் காது.

என் கன்னத்தில்தானே இருந்தது.

இருங்கள். இருங்கள் அக்கா, நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். அவருக்கு அந்தப் பை விஷயம் தெரியாது. பெண்கள் தங்குகிற பக்கம் அவர் வரமாட்டார், அவ்வளவு ஒழுக்கம். தெரியாது அவருக்கு... அதனால்தான்...

இல்லை. வேறு எப்படியாவது இருக்கும். ஏதோ ஓட்டல் போன், நம்பர் மாறி...

மூன்று குண்டு, அக்கா. இடப்பக்கம், ஒரே இடத்தில். ஒன்றின்மேல் ஒன்று. நான் இத்தனை வருஷமாக அதைக் கை நடுக்கம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான்! கை நடுங்கினால் எப்படி விழும் என்று அன்றைக்குக் காலையில்தான் நானே சுட்டுப் பார்த்தேனே. ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுங்குகிற கை ஒரே இடத்தில் சுடாது அக்கா. திருகு நீலத்தில் இல்லை. எட்டு சொடுக்கு தள்ளி இருந்தது. சிவப்பில்தான் இருந்தது. எனக்குத் திருகி வைத்தபடியே இருந்தது. நான் பேசிய பேச்சில் திருகைப் பார்க்காமல் எடுத்துவிட்டாள்.

சுரண்டி எடுக்கவில்லையே. இன்னும் சுரண்டி எடுக்கவில்லையே அவள்.

டயர் மாட்டிவிட்டார்கள். அதோ, கையைத் துடைத்துவிட்டு ரோட்டோர டீக்கடையிலிருந்து வருகிறார். சிரித்துக்கொண்டே வருகிறார் பாருங்கள், தானே மாட்டின மாதிரி. கையில் டீ. இஞ்சி தட்டிப் போட்டு வாங்கியிருப்பார், எனக்கு மட்டும்.

நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம். பஸ்ஸில் இத்தனை பேர் இருக்கிறார்கள், எனக்குக் கூச்சம்தான். பரவாயில்லை. கொஞ்சம் மூச்சு அடங்கட்டும். நானே கேட்டுக்கொள்கிறேன்.

பாப்பாவை வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா. மெதுவாக, முழித்துவிடப் போகிறாள். கை காலியாக இருக்க வேண்டும் எனக்கு.